கல்லில் இருப்பது புழுவா, புழு இருந்த வீடா?

கேள்வி: விரல் தடிமனில் குழாய் குழாயாக ஓடும் ஒரு மணற்கல் பலகையை வாங்கினேன். "கல்லாகிப்போன ஆழ்கடல் புழுக்கள்" என்று விற்றவர் சான்றிதழே கொடுத்தார். அந்தப் பாறை பழைய ஆற்று டெல்டா என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?

பதில்: சான்றிதழை முதலில் ஓரமாக வையுங்கள். உங்களிடம் இருப்பது ஏதோ ஒரு பிராணி தோண்டிய வளை. அது போனபின் மணல் நிரம்பி இறுகியிருக்கிறது. குடியிருந்தவர் எப்போதோ காலி செய்துவிட்டார், வீடுதான் மிச்சம்.

உங்கள் படத்தில் குழாயின் வெளிப்புறம் மக்காச்சோளக் கதிர்போல உருண்டை உருண்டையாக இருக்கிறது. இந்த வகைக்கு ஆஃபியோமார்ஃபா என்று பெயர். இறாலுக்கு உறவான சில பிராணிகள் இன்றும் இப்படித்தான் செய்கின்றன: மணல் சரியாமல் இருக்கச் சேற்றை உருட்டிச் சுவரில் அப்பி, உள்பக்கத்தை வழவழப்பாக்கிக்கொள்கின்றன. அதனால் உப்புத் தண்ணீர் எட்டிய இடம் என்று சொல்லலாம். இவ்வகை வளை பெரும்பாலும் ஆழம் குறைந்த கடலோரத்தில்தான் கிடைக்கும்; இதை வைத்து ஆழ்கடல் என்று அடித்துச் சொன்னது விற்றவரின் கற்பனை.

சரி, டெல்டாவா? வளை மட்டும் அதைச் சொல்லாது, மண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். டெல்டா கடலுக்குள் வளரும்போது அடியில் களிமண்ணும், மேலே போகப்போகப் பருமனான மணலும் படியும். அலை அடிக்கும் சாதாரணக் கரையிலும் இதே வரிசை வரும் என்பதுதான் தொல்லை. அங்கேதான் வளைகள் கைகொடுக்கும். வெள்ளம் வந்தால் உப்பு குறையும், தண்ணீர் கலங்கும், சேறு ஒரே மூச்சில் வந்து கொட்டும். தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடும் பிராணிகளுக்கு இது ஆகாது. எனவே டெல்டாப் பாறையில் வளைகள் சின்னதாக, ஓரிரு வகையாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். நடுவே வளையே இல்லாத களிமண் பட்டை, கருகிய இலைத்துணுக்கு இருந்தால் நண்பர் பக்கம் பலம் கூடும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: வேர். செங்குத்தான குழாயெல்லாம் வளை ஆகாது. வேர் கீழே போகப்போக மெலியும், கிளைகள் இன்னும் மெலியும். வளை ஏறக்குறைய ஒரே தடிமனில் போகும். வேர் மட்கிய துளையிலும் மணல் நிரம்பும், அதிலேயே ஒரு பிராணி குடியேறியும் இருக்கலாம். வேர் என்றால் அது செடி முளைத்த சதுப்பு நிலம், கதையே வேறு. ஆனால் கீழே மெலிகிறதா என்று பார்க்க, கல்லின் எந்தப் பக்கம் கீழ் என்று தெரிய வேண்டுமே! வியாபாரிகள் அறுத்து மெருகேற்றி விற்பதில் தொலைவது அதுதான். சிலர் குழாய்க்குச் சாயமும் பூசுகிறார்கள்.

வியாபாரியை மட்டும் திட்டி என்ன? நான் திறந்து பார்த்த ஒரு சேகரிப்பு அலமாரியில் பெட்டிக்குப் பெட்டி பெயர்ச் சீட்டு இருந்தது, மேல்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி ஒன்றில்கூட இல்லை. ஜெர்மன் தொல்லுயிரியலாளர் அடால்ஃப் சைலாக்கர் 1967இல் வளைத் தொகுப்புகளைக் கடலின் ஆழத்தோடு பொருத்திக் காட்டியது அருமையான வேலை. அதை நாலு வரி அட்டவணையாக்கி மனப்பாடம் செய்ய வைத்தால் மாணவர் மண்ணை எங்கே பார்ப்பார்?

விற்றவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்த அடுக்கிலிருந்து எடுத்தது, எந்தப் பக்கம் மேல்? பதில் வந்தால் அந்தப் பாறைச் சரிவுக்கே போய், அடுக்குக்குக் கீழும் மேலும் இரண்டு மீட்டர் படமெடுத்து அனுப்புங்கள். கல்லை அங்கிருந்து பெயர்க்க வேண்டாம்.