மேசையில் தூசி படிகிறது, மானியில் எண் ஏறவில்லை: கட்டட வேலைக்குப் பக்கத்தில் தூசியை எப்படி அளப்பது?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் பாலர் பாடசாலை ஒன்று நடத்துகிறேன். எங்கள் வளவுக்குக் கிழக்கே, கடற்பக்கமாக, நான்கு மாடி விடுதி ஒன்று கட்டுகிறார்கள். இடையில் ஒரு வேலிதான். காலையில் துடைத்த மேசையில் பதினொரு மணிக்கெல்லாம் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. ஒரு பிள்ளைக்கு முட்டு இழுக்கிறது. சின்னக் காற்றுமானி ஒன்று வாங்கி வகுப்பறையில் வைத்தேன். அது பெரும்பாலும் 30, 35 என்றே காட்டுகிறது. ஒப்பந்தக்காரரிடம் போனால், "உங்கட மெசினே நல்லாயிருக்கு எண்டுதானே சொல்லுது, டீச்சர்" என்கிறார். அவருடைய ஆளும் ஒருநாள் காலை எட்டு மணிக்கு ஒரு கருவியோடு வந்து, பத்து நிமிடம் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று போனார். எப்படி அளந்தால் எடுபடும்?

பதில்: டீச்சர், உங்கள் மேசை சொல்வதும் உண்மை, மானி சொல்வதும் அநேகமாக உண்மை. அவை இரண்டும் வேறு வேறு தூசியைப் பற்றிச் சொல்கின்றன. இதை ஒப்பந்தக்காரருக்கு விளங்கப்படுத்த முடிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போவோம்.

காற்றில் மிதக்கும் தூசியை அளவு வைத்துப் பிரிப்பார்கள். பிஎம் 10 என்றால் விட்டம் 10 மைக்ரோமீற்றருக்கு உட்பட்ட துகள்கள். பிஎம் 2.5 என்றால் 2.5 மைக்ரோமீற்றருக்கு உட்பட்டவை. நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரோமீற்றர் தடிப்பு. 2.5க்குக் கீழே இருப்பது பெரும்பாலும் புகை: வாகனப் புகை, குப்பை எரித்த புகை, விறகடுப்புப் புகை. மண் தோண்டுவது, சல்லி கொட்டுவது, கிறவல் பாதையில் டிப்பர் ஓடுவது, சீமெந்துப் பை உதறுவது, இவற்றால் எழும் தூசி பெரும்பாலும் அதைவிடப் பெரியது. மேசையில் படிவதில் பெரும்பகுதி 10 மைக்ரோமீற்றரையும் தாண்டியதாகவே இருக்கும்.

நீங்கள் வாங்கியது போன்ற சின்ன மானிக்குள் ஒரு குட்டி விசிறி காற்றை இழுக்கும். ஒரு லேசர் ஒளி அதில் படும். துகள்கள் சிதறடிக்கும் ஒளியை வைத்துக் கருவி கணக்குப் போடும். நுண்ணிய துகளுக்கு இது பரவாயில்லை. பெரிய துகள் பாரமானது, அந்தக் குட்டி விசிறியின் இழுப்புக்கு வளைந்து உள்ளே போகாது. அப்படியானால் திரையில் பிஎம் 10 என்று ஒரு எண் வருகிறதே என்று கேட்பீர்கள். பல மலிவுக் கருவிகளில் அது பெருமளவு பிஎம் 2.5ஐ வைத்துப் போடும் ஊகம். ஆகவே உங்கள் மானி 30 காட்டுவதால் கட்டடத் தூசி இல்லை என்று ஆகாது. அந்தத் தூசியில் பெரும்பகுதி கருவிக்குள் போகவே இல்லை.

நம் ஊருக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. கடற்கரைக் காற்றில் உப்புத் துகள் கலந்திருக்கிறது. ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை உறிஞ்சி வீங்கும். லேசருக்கு அது பெரிய துகளாகத் தெரியும். விடிகாலையில், வேலையே தொடங்காத நேரத்தில், எண் ஏறி நிற்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். அதைக் காட்டி, "பாருங்கோ, நாங்கள் வேலை செய்யாட்டியும் கூடுதுதானே" என்று ஒப்பந்தக்காரர் வாதாட இடமிருக்கிறது. அந்த வாதத்துக்கு முன்கூட்டியே தயாராக இருங்கள்.

தனி எண் ஒன்றை நம்பாமல் வித்தியாசத்தை அளப்பதுதான் வழி. வேலைத்தளத்துக்குக் காற்று வரும் பக்கம் ஒரு கருவி, அதைத் தாண்டிக் காற்று போகும் பக்கம் ஒரு கருவி. உப்பும் வீதிப் புகையும் இரண்டிலும் இருக்கும். வேலைத்தளம் சேர்த்தது காற்று போகும் பக்கத்தில் மட்டும் கூடும். கலிபோர்னியாவின் தென்கரைக் காற்றுத்தர மாவட்டத்தில் சட்டமே இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது: இரு பக்கமும் ஐந்து மணிநேரம் அளந்து, பிஎம் 10 வித்தியாசம் கனமீற்றருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. அது இங்கு செல்லாது, ஆனால் அளக்கும் முறையாக மிக நேர்மையானது.

உங்களிடம் இருப்பதைப் போன்றே இன்னொரு மானி வாங்குங்கள் அல்லது இரவல் எடுங்கள். முதல் மூன்று நாள் இரண்டையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று எப்போதும் ஐந்து கூடக் காட்டினால் அதைக் குறித்து வைத்துப் பிறகு கழியுங்கள். இதைச் செய்யாமல் அளந்த எண்களை எவரும் ஒரே கேள்வியில் தள்ளிவிடலாம். இடத்திலும் கவனம் வேண்டும். அனுபவம் குறைவாக இருந்த காலத்தில் ஒரு வேலைத்தளத்தின் படலையில் நான் கருவியைக் கட்டிவிட்டுப் போனேன். அதற்குப் பத்தடி தள்ளிக் காவலாளி தினமும் குப்பை எரித்திருக்கிறார். ஒரு கிழமை எண்களைக் குப்பையில் போட வேண்டியதாயிற்று. சமையலறை, வீதியோரம், குப்பை எரிக்கும் மூலை, இவற்றிலிருந்து விலக்கி, மழை படாமல், காற்றுத் தடையில்லாமல் வையுங்கள். ஒன்றரை மீற்றர் உயரம் என்பது வழக்கம். உங்களிடம் இருப்பவர்கள் நாலு வயதுப் பிள்ளைகள், ஒரு மீற்றரில் வைத்தாலும் நியாயம்தான். வகுப்பறைக்குள் வேண்டாம், வேலியோரம் வேண்டும்.

இனிக் காற்று. உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது அந்தக் காலை எட்டு மணிதான். விடுதி உங்களுக்குக் கிழக்கே இருக்கிறது. கச்சான் காலத்தில், அதாவது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், காலைக் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும். அந்த நேரம் தூசி உங்கள் பக்கம் வராமல் கடலுக்குப் போகும். வெயில் ஏறித் தரை சூடான பிறகு, பல நாட்களில் பத்து, பதினொரு மணியளவில், கடற்காற்று எழும்பி எல்லாவற்றையும் உங்கள் வளவுக்குள் கொண்டுவரும். எட்டு மணிக்கு வந்தவர் தன் கருவியில் கண்டது வீதிப்பக்கத்துக் காற்றை. அவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை, நேரம் அவருக்குச் சாதகமாக அமைந்துவிட்டது. ஐப்பசிக்குப் பிறகு வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, தொடங்கினால் நிலைமை மாறும். அப்போது பெரும்பாலும் நாள் முழுக்கக் காற்று கடலிலிருந்து உங்களிடம்தான் வரும். மழை பெய்தால் தூசி அடங்கும், மழை விட்டு வெயில் எறிக்கும் நாட்களில் கவனம்.

ஒரு தடியில் ரிபன் துண்டொன்றைக் கட்டி வேலியில் நட்டுவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஒரு கொப்பியில் நேரம், ரிபன் பறக்கும் திசை, இரு மானிகளின் எண், அப்போது அங்கே நடக்கும் வேலை ஆகியவற்றை எழுதுங்கள். கடைசிப் பகுதி மிக முக்கியம். "10.40, கிரைண்டரால் டைல்ஸ் வெட்டுகிறார்கள்", "11.10, டிப்பர் மணல் கொட்டியது" என்று எழுதிய ஒரு வரி, தனியே நிற்கும் நூறு எண்களைவிடப் பேசும். ஞாயிற்றுக்கிழமையும் போயா நாளும் வேலை நிற்குமென்றால் அந்த நாட்களிலும் அதே நேரங்களில் அளவெடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

மேசையில் படியும் பெரிய தூசிக்கு மானியே தேவையில்லை, ஒரு வாளி போதும். வாய் விட்டம் 20 சென்ரிமீற்றர், ஆழம் அதைப்போல் இரண்டு மடங்கு உள்ள வாளி ஒன்றை வேலியோரம் ஆள் உயரத்தில் ஒரு கம்பத்தில் கட்டி 30 நாள் விடுங்கள். ஆய்வு முறைகளில் உள்ளே நீர் விடுவதும் உண்டு. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அது வேண்டாம், டெங்கு நுளம்பு பெருகும். மழைநீர் சேர்ந்தால் உடனே மூடியுள்ள போத்தலில் ஊற்றி வையுங்கள். மாத முடிவில் இலை, பறவை எச்சம் எல்லாம் நீக்கிவிட்டு, வாளியைச் சுத்தமான நீரால் கழுவி, எல்லா நீரையும் முன்பே நிறுத்து வைத்த வடிதாளில் ஊற்றுங்கள். கடல் உப்பு கரைந்து போய்விடும், மண்ணும் சீமெந்தும் தாளில் நிற்கும். முதல்முறை நிறுப்பதற்கு முன்னும் கடைசியில் நிறுப்பதற்கு முன்னும் தாளை ஒரேமாதிரி நன்றாக உலர்த்த வேண்டும். நிறுப்பதற்கு நகைக்கடைத் தராசு அல்லது பாடசாலை விஞ்ஞானகூடத் தராசு வேண்டும். சமையலறைத் தராசு உதவாது.

ஏனென்றால் நாம் தேடும் நிறை மிகச் சிறியது. ஒரு சதுர மீற்றரில் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் படிந்தால் அயலவர் முறைப்பாடு செய்வது எதிர்பார்க்கக்கூடியது என்று பிரித்தானியாவில் நீண்ட காலமாக ஒரு வழக்கம் இருக்கிறது. உங்கள் வாளியின் வாய்க்கு, 30 நாளுக்கு, அது ஏறக்குறைய 0.19 கிராம் மட்டுமே. இதே மாதிரி இன்னொரு வாளியை வேலைத்தளத்திலிருந்து நூறு, இருநூறு மீற்றர் தள்ளித் தெரிந்தவர் வீட்டில் வையுங்கள். பெரிய தூசியில் பெரும்பகுதி நூறு மீற்றருக்குள் விழுந்துவிடும், ஆகவே இரு வாளிக்கும் இடையிலான வித்தியாசம் தெளிவாகத் தெரியும். ஒரு மாதம் காத்திருக்க மனமில்லையென்றால் தெளிவான ஒட்டுநாடாவை மேசையில் அழுத்தி எடுத்து, வெள்ளைத் தாளில் ஒட்டி, திகதியும் நேரமும் எழுதி வையுங்கள். பத்து நாள் தாள்களை வரிசையாகக் காட்டினால் பார்ப்பவருக்கு விளங்கும்.

சட்ட அளவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கையின் காற்றுத்தர நியமம் 1994இல் வந்து 2008இல் திருத்தப்பட்டது. அதன்படி 24 மணிநேரச் சராசரி பிஎம் 10க்கு 100 மைக்ரோகிராம், பிஎம் 2.5க்கு 50. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது இதைவிடக் கடுமையானது: முறையே 45, 15. ஆனால் நாள் சராசரியில் ஒரு பொறி இருக்கிறது. பிள்ளைகள் இருக்கும் நாலு மணிநேரம் 300 என்றும் மிச்ச இருபது மணிநேரம் 40 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 83தான். நியமத்துக்குள் வந்துவிட்டது, ஆனால் அந்த 300ஐச் சுவாசித்தது பிள்ளைகள். இதனால்தான் பிரித்தானியாவின் காற்றுத்தர முகாமைத்துவ நிறுவகம் கட்டடத் தளங்களுக்கு மணிநேரச் சராசரியாக பிஎம் 10 190 என்ற எல்லையைப் பரிந்துரைக்கிறது. அதைத் தாண்டினால் அப்போதே காரணத்தைத் தேடி வேலையைத் திருத்த வேண்டும். உங்கள் சின்ன மானியால் இந்த 190ஐ அளக்க முடியாது. அதற்கு முறையான கருவி வேண்டும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை அந்த அளவீட்டைச் செய்கின்றன. யாரைக் கொண்டு அளப்பித்தாலும் நாள் சராசரியோடு மணிநேர எண்களையும் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் நேரே முறைப்பாட்டுக்குப் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இரண்டு கிழமைக் கொப்பியோடு முதலில் ஒப்பந்தக்காரரிடம் போங்கள். "தூசி கூடுது" என்று சொன்னால் தலையாட்டுவார். "கடற்காற்று எழும்பின பிறகு கிரைண்டர் ஓடும்போது ஏறுது, பகல் சாப்பாட்டு நேரம் இறங்குது" என்று சொன்னால் அவர் செய்வதற்கு ஏதோ இருக்கிறது. டைல்ஸையும் கொங்கிறீற்றையும் தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள். இதை நான் முதலாவதாகக் கேட்பேன். அந்தத் தூசியில் இருக்கும் நுண்ணிய சிலிக்கா, வெட்டுகிற பொடியன்மாரின் நுரையீரலை ஆண்டுக்கணக்கில் கெடுத்து மீளாமல் செய்துவிடும். அவர்களுக்கும் சேர்த்தே கேளுங்கள். மணல் குவியலுக்குப் படங்கு, வேலியோரம் உயரமாக வலை, பாதைக்குக் காலையிலும் பதினொரு மணிக்கு முன்னும் பௌசர் தண்ணீர். சல்லி, மணல் இறக்குவதைப் பாடசாலை விட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம், இதற்குச் செலவே இல்லை.

அதற்கும் அசையாவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பிரதேச செயலகத்தின் சுற்றாடல் உத்தியோகத்தர், உள்ளூராட்சி சபை, மத்திய சுற்றாடல் அதிகாரசபை ஆகியோருக்கு எழுத்தில் கொடுங்கள். கொப்பியின் பிரதியையும் ஒட்டுநாடாத் தாள்களையும் இணையுங்கள்.

முட்டு இழுக்கும் பிள்ளையின் விஷயத்தில் மட்டும் எந்த எண்ணுக்கும் காத்திருக்க வேண்டாம். தாயிடம் சொல்லி வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். பம்ப் கொடுத்திருந்தால் அது பாடசாலையிலும் உங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பிள்ளையை வீதிப்பக்க அறையில் இருத்துங்கள். ரிபன் உங்கள் பக்கம் திரும்பினதும் கிழக்கு யன்னல்களைச் சாத்துங்கள், முற்றத்து விளையாட்டை எட்டரைக்கு மாற்றுங்கள். வகுப்பறையைத் தும்புத்தடியால் கூட்ட வேண்டாம், படிந்த தூசி திரும்ப எழும்பிப் பிள்ளைகளின் மூக்கு மட்டத்தில்தான் நிற்கும். ஈரத்துணியால் துடையுங்கள், பிள்ளைகள் வருவதற்கு முன் ஒருமுறை, பத்தரை மணிக்கு ஒருமுறை.