கிண்ணம், மணல் தட்டு, மீன் தொட்டி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பல ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. பாசத்தில் யாருக்கும் குறை இல்லை, அளவில்தான் தடுமாற்றம்.

பிள்ளைகள் ஒரு வருடமாக நாய் கேட்கிறார்கள். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலை எட்டரை முதல் மாலை ஐந்து வரை வீடு பூட்டித்தான் இருக்கும். குட்டி வாங்கலாமா?

குட்டி இப்போது வேண்டாம். மூன்று மாதக் குட்டியால் சிறுநீரை அடக்க முடிவது அதிகம் போனால் நான்கு மணி நேரம். சாப்பாடும் மூன்று நான்கு வேளை தேவை. எட்டரை மணி நேரம் தனியாகக் கிடக்கும் குட்டி, செருப்பைக் கடிக்கவும் ஓயாமல் குரைக்கவும்தான் கற்றுக்கொள்ளும். இரண்டு வயது தாண்டிய, வீட்டில் இருந்து பழகிய நாய் என்றால் யோசிக்கலாம். அப்போதும் நடுவில் ஒருமுறை யாராவது வந்து அதை வெளியே அழைத்துப்போக வேண்டும். உங்கள் நேரத்துக்குப் பூனை இன்னும் பொருந்தும்.

“நாங்களே பார்த்துக்கொள்வோம்” என்று பிள்ளைகள் சொல்வதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். நாய் 10 முதல் 13 ஆண்டு வாழும். இன்று பத்து வயதில் கேட்கும் பிள்ளை அப்போது படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் போயிருக்கும். பொறுப்பு பெரியவர்களுடையது. ஒரு சோதனை செய்து பாருங்கள்: இரண்டு வாரம், நாய் இல்லாமலேயே, காலையும் மாலையும் அரை மணி நேரம் வீட்டில் ஒருவர் நடந்துவிட்டு வரவேண்டும், மழை பெய்தாலும். எட்டாம் நாளே சாக்கு வந்தால் விடை கிடைத்துவிட்டது.

45 நாள் குட்டி ஒன்று வந்திருக்கிறது. ஒரு தடுப்பூசி போட்டாயிற்று. வெளியே விடலாமா? வீடெல்லாம் சிறுநீர் கழிக்கிறது, அதற்கு என்ன வழி?

முதலில் ஒரு குறை. எட்டு வாரம் வரை குட்டி தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் இருக்க வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை அங்கேதான் அது படிக்கிறது. வந்தது வந்துவிட்டது. அது கையைக் கடித்தால் விளையாட்டை அந்த நொடியே நிறுத்தி எழுந்துவிடுங்கள். விடாமல் செய்தால் கற்றுக்கொள்ளும்.

ஒரு ஊசி போதாது. தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புப் பொருள் குட்டியின் உடலில் இருக்கும்வரை, போடும் ஊசியை அது வேலை செய்ய விடாது. அந்தப் பொருள் ஒரு குட்டிக்கு எட்டு வாரத்தில் தீரும், இன்னொன்றுக்குப் பதினான்கு வாரம்வரை நிற்கும். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். நடுவில் ஒன்றை விட்டுவிட்டு “ரெண்டு ஊசி போட்டாச்சே” என்று இருப்பவர்களின் குட்டிகள்தாம் பார்வோ என்ற குடல் தொற்று வந்து ரத்தக் கழிச்சலோடு மருத்துவமனைக்குப் போகின்றன. ரேபிஸ் ஊசி பொதுவாக 12 வாரத்தில். ஒரு வருடம் கழித்து மறு ஊசி. குடற்புழு மருந்தை ஒவ்வொரு முறையும் எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். ஊசி முறை முடியும்வரை, தெரியாத நாய்கள் நடமாடும் தரையில் குட்டியின் காலைப் படவிடாதீர்கள். அதற்காக நான்கு மாதம் அறைக்குள் பூட்டிவைப்பதும் தவறு. மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காம் வாரம் வரை பார்ப்பதையெல்லாம் “இது சகஜம்” என்று குட்டி எடுத்துக்கொள்ளும். அந்தக் காலம் போனால் போனதுதான். கையில் தூக்கிக்கொண்டு போய் வண்டிச் சத்தம், குடை, தாடி வைத்தவர், அழும் குழந்தை எல்லாவற்றையும் காட்டுங்கள். தடுப்பூசி போட்ட, நலமான நாய் இருக்கும் வீட்டுக்கு அழைத்துப் போகலாம்.

சிறுநீர்ப் பழக்கத்துக்கு நேரம்தான் மருந்து. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கால் மணி நேரத்தில், விளையாடி முடித்ததும், மற்றபடி விழித்திருக்கும்போது மணிக்கொரு தடவை, எப்போதும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோங்கள். போய் முடித்த மறுநொடி அங்கேயே ஒரு சிறு தீனி. வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கிடைத்த பரிசு என்றுதான் அது நினைக்கும். சிறுநீரில் மூக்கைத் தேய்ப்பதால், உங்களுக்குத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் போக வேண்டும் என்பதை மட்டுமே குட்டி கற்கிறது. அம்மோனியா கலந்த துப்புரவு திரவம் அதன் மூக்குக்குச் சிறுநீர் போலவே இருக்கும். என்சைம் கலந்த திரவத்தால் துடையுங்கள்.

எங்கள் பூனை மூன்று வருடமாக ஒழுங்காக மணல் தட்டில் போனது. இப்போது மெத்தையில் போகிறது. பழிவாங்குகிறதா?

பூனைக்குப் பழிவாங்கத் தெரியாது. ஆண் பூனையா? அடிக்கடி தட்டில் போய் உட்கார்ந்து, முக்கி, ஒரு சொட்டு இரண்டு சொட்டு வருகிறதா, அல்லது எதுவும் வரவில்லையா? அப்படியென்றால் மீதிப் பதிலைப் படிக்க வேண்டாம், இப்போதே மருத்துவரிடம் போங்கள். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல். அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். மலச்சிக்கல் என்று நினைத்து ஒருநாள் காத்திருப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

பெண் பூனையானாலும் சிறுநீர்ப் பரிசோதனை முதலில். வலியோடு போன இடத்தைப் பூனை அந்த வலியோடு சேர்த்தே நினைவில் வைக்கும். மெத்தை மெத்தென்று இருப்பதால் அங்கே போகிறது.

உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் தட்டைப் பாருங்கள். கடையில் கிடைக்கும் தட்டுகள் பெரும்பாலும் சிறியவை. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை உள்ள நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு வேண்டும். துணி அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டிக்கொண்டால் போதும். மணல் நான்கைந்து சென்டிமீட்டர் ஆழம், வாசனை சேர்க்காதது. மூடி உங்களுக்கு நாற்றத்தை மறைக்கும், அதன் மூக்குக்கு நாற்றத்தைச் சேர்த்து வைக்கும். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக, வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும். சாப்பாட்டுக் கிண்ணத்துக்கும் வாஷிங் மெஷினுக்கும் பக்கத்தில் வேண்டாம். நாளுக்கு இருமுறை அள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றி ஒரு வாரம் பாருங்கள்.

பூனைக்கு உடம்பு சுடுகிறது. குழந்தைக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் பாதி கொடுக்கலாமா?

கூடவே கூடாது. அந்த மருந்தை நஞ்சு நீக்கி வெளியேற்றும் வேதிவழி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. ஒரே மாத்திரை கொல்லலாம். ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். கொடுத்துவிட்டீர்கள் என்றால் அறிகுறிக்காகக் காத்திராமல் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள். பூனையின் இயல்பான வெப்பமே 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நம் கைக்கு அது எப்போதும் சூடாகத்தான் இருக்கும்.

இதே வரிசையில், நாய்க்கு உண்ணி வராமலிருக்க முதுகில் விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்கு விடாதீர்கள்; வலிப்பு வரும். லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் பழுதாகும். நாய்க்கு ஆகாதவை சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால். எதைத் தின்றாலும் உப்பு நீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே இன்னொரு நஞ்சாகிவிடும்.

60 லிட்டர் தொட்டி வாங்கி அன்றே 12 மீன் விட்டோம். மூன்றாம் நாள் தண்ணீர் கலங்கியது. முழுத் தண்ணீரையும் மாற்றி, ஃபில்டரைக் குழாயில் நன்றாகக் கழுவினோம். ஆனாலும் தினம் ஒன்று சாகிறது.

சுத்தம் செய்யச் செய்யச் சாகும் விசித்திரம் இதில் மட்டும்தான். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது; மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியாவாகும். அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை ஓரளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுபவை ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டி வளரும் பாக்டீரியாக்கள். புதுத் தொட்டியில் அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் அன்றே 12 மீன் விட்டீர்கள். முளைத்த கொஞ்சத்தையும் குழாய்த் தண்ணீரின் குளோரின் கொன்றது. செவுள் சிவந்திருந்தால் அம்மோனியா. மேலே வந்து வாய் திறந்து மூச்சு வாங்கினால் நைட்ரைட்டாகவும் இருக்கலாம். அது ரத்தத்தைப் பழுப்பாக்கி ஆக்சிஜனைச் சுமக்க விடாது.

மிச்சமிருப்பவற்றைக் காப்பாற்ற, தினமும் கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். புதுத் தண்ணீர் தொட்டியின் வெப்பத்திலேயே இருக்க வேண்டும், குளோரின் நீக்கும் மருந்து கலந்திருக்க வேண்டும். ஒருநாள் வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் போகும். குளோரமைன் கலந்த தண்ணீர் என்றால் போகாது. தீனி இரண்டு நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. ஃபில்டரை இரவிலும் நிறுத்தாதீர்கள். பஞ்சு அடைத்துக்கொண்டால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து மாட்டுங்கள். அது பார்க்க அழுக்காகத்தான் இருக்கும், இருக்கட்டும். சோதனை மருந்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யம் காட்டிய பிறகு, இரண்டு மூன்று மீனாகச் சேர்க்கலாம். பையை 15, 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள்.

கருத்தடை செய்த எங்கள் நாய் 13 கிலோ இருக்கிறது. 10 கிலோ இருக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். ஆனால் அது கொஞ்சம்தான் சாப்பிடுகிறது.

“கொஞ்சம்” என்பதைக் கிராமில் எழுதிப் பாருங்கள். 10 கிலோ நாய் சும்மா படுத்திருக்கவே நாளுக்குச் சுமார் 390 கலோரி வேண்டும். கருத்தடை செய்த, நடுத்தர நடமாட்டமுள்ள நாய்க்கு அதைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், சுமார் 630. எடை குறைக்க 390இல் தொடங்குவார்கள். சரியான அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தீனிப் பையின் பின்புறம் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று இருக்கும். கப்பால் அளக்காமல் தராசில் நிறுங்கள். ஆளுக்கு ஆள் கப் நிரம்பும் விதம் வேறு. பிஸ்கட், பயிற்சித் தீனி எல்லாம் சேர்த்து மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வீட்டில் நான்கு பேர் இருந்தால் அன்றைய தீனியை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், அது காலியானால் முடிந்தது. பெரும்பாலும் “கொஞ்சம்” கூடுவது தாத்தாவின் கையால்தான்.

வாரம் 130 முதல் 260 கிராம் குறைந்தால் சரியான வேகம். மூன்று கிலோ குறைய மூன்று முதல் ஆறு மாதம். விலாவைத் தடவிப் பாருங்கள். உங்கள் புறங்கையைத் தடவுவது போல் எலும்பு தெரிந்தால் சரி, உள்ளங்கையின் சதைமேட்டைத் தொடுவது போல் இருந்தால் பருமன், மடக்கிய விரல் முட்டி போல் இருந்தால் மெலிவு. நிறுத்துக் கொடுத்தும் இரண்டு மாதத்தில் அசையவில்லை என்றால் தைராய்டு பரிசோதனை. பருமனான பூனையை இப்படித் திடீரென்று குறைக்காதீர்கள். அது இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு படிந்து ஆபத்தாகும்.

நான் கர்ப்பமாக இருக்கிறேன். பூனையை அனுப்பிவிடு என்கிறார் அத்தை.

அனுப்பத் தேவையில்லை, மணல் தட்டை மட்டும் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வெளியே வந்தபின் தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் பிடிக்கும். தினமும் அள்ளிப் போட்டால் அந்த வாய்ப்பே வெகுவாகக் குறைகிறது. பூனைக்குப் பச்சை இறைச்சி வேண்டாம், வெளியே வேட்டைக்கும் விடாதீர்கள். சரியாக வேகாத இறைச்சியிலும் மண் ஒட்டிய காய்கறியிலும் இதே ஆபத்து உண்டு என்பதை அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். உங்கள் மருத்துவரிடமும் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

விளையாடும்போது எங்கள் நாயின் பல் பட்டு லேசாக ரத்தம். அதற்கு ஊசி போட்டிருக்கிறோம். எனக்கும் வேண்டுமா?

சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். காயத்தில் எதையும் அப்ப வேண்டாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள், நாயின் தடுப்பூசி அட்டையைக் கையில் கொண்டுபோங்கள். ஊசி வேண்டுமா என்று முடிவு செய்பவர் அவர். நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும். ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை என்பதால் இதில் அலட்சியம் கூடாது.

மகன் கிண்ணத்துக்குப் பக்கத்தில் போனால் நாய் உறுமுகிறது. அதட்டி நிறுத்தலாமா?

உறுமலை நிறுத்தினால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும். நாய் சாப்பிடும்போது மகன் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. “பழகட்டும்” என்று கிண்ணத்தைப் பிடுங்கிப் பார்ப்பதும் வேண்டாம். பெரியவர் ஒருவர், நாய் உடலை விறைக்காத தூரத்தில், இரண்டு மீட்டரோ மூன்றோ, கடந்து போகும்போது கிண்ணத்தில் இருப்பதைவிட ருசியான துண்டு ஒன்றை வீசிவிட்டு நிற்காமல் போகட்டும். யாராவது வந்தால் நல்லது கூடுகிறது, பறிபோகவில்லை என்று அதற்குப் புரிய வாரக்கணக்கில் ஆகும். உறுமலுக்கு முன்பே உதட்டை நக்குவது, தலையைத் திருப்புவது, கண் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது என்று அது சொல்லிவிடும். மகனுக்கு அதைப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். ஏற்கெனவே கடித்திருந்தால் நீங்களாக முயலாமல் பயிற்சி பெற்றவரை அழையுங்கள்.

லவ் பேர்ட்ஸ் கூண்டைச் சமையலறையில் வைக்கலாமா?

வேண்டாம். நான்ஸ்டிக் பாத்திரம் காலியாக அடுப்பில் காய்ந்தால் வரும் புகை, நமக்கு வாசனை தெரியாத நிலையிலேயே பறவையைக் கொல்லும். கூடத்தில் ஒரு பக்கம் சுவர் இருக்கும்படி, நேரடி வெயிலும் மின்விசிறிக் காற்றும் படாமல் மாட்டுங்கள். சிறகைச் சிலுப்பிக்கொண்டு பகலில் கூண்டின் அடியில் உட்கார்ந்திருந்தால் குளிர் என்று போர்வை போடாமல், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.