‘வீடு பார்த்துக்கொள்’ என்றார்கள், பிறகு கீழே அனுப்பிவிட்டார்கள்

கேள்வி:

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

கனடாவில் மார்க்கம் நகரில் இருந்து ஒரு தாய் எழுதுகிறேன். என் பெயரையும் மகனின் அணியின் பெயரையும் தயவுசெய்து போடாதீர்கள். போட்டால் எங்கள் ஆக்களுக்கு உடனே விளங்கிவிடும்.

எனக்கு ஒரே மகன், 21 வயது. ஐந்து வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஸ்கேட்டிங் போனவன், அதுக்குப் பிறகு ஐஸ் ஹொக்கியை விடவேயில்லை. என் கணவர் இரவு வேலை முடித்து வந்து சப்பாத்தும் கழற்றாமல் விடிய ஐந்து மணிப் பயிற்சிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போவார். பதினொரு வருஷம் அப்படித்தான் ஓடினது. ஒரு ஸ்டிக் முந்நூறு டொலருக்கு மேல். முறிந்தால் முறிந்ததுதான். கையுறைகளை ஹீற்றர் காற்று வாற ஓட்டைக்கு மேலே நான்தான் காயப்போடுவேன். வீட்டுக்கு வாற ஆக்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அந்த நாற்றம் தெரியிறதேயில்லை.

மூன்று வருஷத்துக்கு முதல் பெரிய லீக்கான என்.எச்.எல். அணி ஒன்று அவனை டிராஃப்டில், அதாவது இளம் ஆட்டக்காரரை அணிகள் முறைவைத்துத் தெரிவுசெய்யும்போது, எடுத்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் கதிரை காணாமல் ஆக்கள் மாடிப்படியில் இருந்தார்கள். இந்த ஒக்டோபரில் பெரிய அணியிலேயே தொடங்கி 14 மட்ச் விளையாடினான். “இனி ஒரு வீடு பார்த்துக்கொள்” என்று கோச் சொன்னாராம். மகன் அப்பார்ட்மென்டுக்கு முற்பணமும் கட்டிவிட்டான். அடுத்த கிழமை ஹோட்டல் அறைக்கு ஒரு போன் வந்தது, அதுக்கு அடுத்த படி லீக்கான ஏ.எச்.எல். அணிக்குப் போ என்று. ஐந்து நிமிஷம்கூடக் கதைக்கவில்லையாம்.

இவன் போகவில்லை. நேரே ரொறன்ரோவுக்குப் பிளேன் எடுத்து வந்துவிட்டான். அணி சம்பளம் இல்லாமல் இடைநிறுத்தி வைத்திருக்கிறது. “பொறுத்திரு, வேறு அணிக்கு மாற்றித்தான் ஆகவேண்டும்” என்று ஏஜென்ட் சொல்கிறார். கணவர் சொன்னார்: “மேசன் வேலைக்குப் போனாலும் சொன்ன சுவரைத்தான் கட்டவேணும். நீ ஆர் மாட்டன் எண்டு சொல்ல?” மகன் திருப்பிச் சொன்னான்: “நீங்கள் முப்பது வருஷமா ஓம் ஓம் எண்டுதானே இருந்தனீங்கள், அப்பா. என்ன கிடைச்சது?” அதோடு இரண்டு பேரும் கதைக்கிறதில்லை. நாலு கிழமையாகிறது.

மகன் பேஸ்மென்டில் இருக்கிறான். விடிய நாலு மணிக்கும் லைட் எரிகிறது. பகலில் படுக்கிறான். இரவுச் சாப்பாடு பாதி அப்படியே திரும்பி வருகிறது. ஹொக்கிப் பை எயார்போர்ட் துண்டோடு கராஜில் கிடக்கிறது, சிப்பைக்கூடத் திறக்கவில்லை. கோயிலுக்குப் போனால் “என்ன, மகனை டிவியில் காணேல்லை” என்கிறார்கள். நான் போவதையே நிறுத்திவிட்டேன்.

நான் கேட்பது இரண்டு. அவனைப் போ என்று சொல்லவா, நில் என்று சொல்லவா? மற்றது, எங்கட நிறம், எங்கட பெயர் என்றபடியால்தான் இப்படிச் செய்தார்களோ என்று இரவில் யோசனை வருகிறது. அதை அவனிடம் கேட்கலாமா?

ஒரு தாய்,
மார்க்கம்


பதில்:

அன்புள்ள சகோதரி,

‘ஒரு வீடு பார்த்துக்கொள்’ என்ற இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தேன். புதிதாக வந்த பிள்ளையை முதலில் ஹோட்டலில்தான் வைத்திருப்பார்கள். ‘நீ இனி இங்கேதான்’ என்பதை ஹொக்கியில் வேறு விதமாகச் சொல்வதில்லை, வீடு பார் என்றுதான் சொல்வார்கள். கீழே அனுப்பியது ஒரு அடி. சொன்ன சொல்லை விளக்கம் இல்லாமல் திரும்ப எடுத்தது அதைவிடப் பெரிய அடி. உங்கள் கணவர் இதைத் திமிர் என்று நினைக்கிறார். நான் ஏமாந்த ஒருவரின் அவமானம் என்று நினைக்கிறேன். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே முகத்தோடுதான் இருக்கும்.

கீழே போவது வகுப்பேற்றாமல் விட்டதுபோல என்று கோயில் ஆக்கள் நினைக்கலாம். நீங்கள் அப்படி நினைக்கத் தேவையில்லை. பெரிய அணியில் வைத்திருக்கக்கூடியது 23 பேர். பழைய ஆட்டக்காரர் ஒருவரைக் கீழே அனுப்புவதானால் முதலில் வெய்வர்ஸ் என்ற பட்டியலில் போடவேண்டும். மற்ற 31 அணிகளில் எதுவும் அவரைத் தூக்கிக்கொண்டு போகலாம். முதல் ஒப்பந்தத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அந்த விதி இல்லை. ஆகவே ஒரு இடத்தைக் காலியாக்க வேண்டி வந்தால், திறமை குறைந்தவரை விட்டுவிட்டு, பறிபோகாதவர் என்று தெரிந்தவரை அனுப்பிவிடுவார்கள். மகனின் சம்பளம் பத்தில் ஒன்றாகக் குறையும், அணிக்கு ஒரு நட்டமும் இல்லை. இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. தீர்ப்பும் இல்லை என்று சொல்கிறேன். இன்றைக்கு என்.எச்.எல்.லில் ஆடுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஏ.எச்.எல். வழியாக வந்தவர்கள்தான். மகனுக்கு இதெல்லாம் மனப்பாடமாக இருக்கும், அவருக்கு எடுத்துச் சொல்லாதீர்கள்.

நஸீம் காத்ரியை உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்கும். ஒன்ராறியோ லண்டனில் லெபனான் குடும்பத்துப் பிள்ளை, 2009 டிராஃப்டில் ஏழாவதாக எடுக்கப்பட்டவர். ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அவரை மூன்று பருவமாகத் தன் கீழணியான மார்லீஸுக்கும் மேலுக்குமாக ஏற்றி இறக்கியது. 2012இல் மார்லீஸ் கோச் அவருடைய உடம்புக் கொழுப்பைப் பற்றிப் பத்திரிகைக்காரருக்கு முன்னாலேயே குறை சொன்னார். பத்து வருஷம் கழித்து அவர் கொலராடோ அணியோடு என்.எச்.எல். சம்பியனுக்குரிய ஸ்டான்லி கிண்ணத்தை வென்று, அதைத் தன் ஊர்ப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனார். ஆனால் தயவுசெய்து கணவர் இந்தக் கதையை மகனிடம் எடுத்து வைக்கவேண்டாம். அடிபட்ட அன்றைக்கு இன்னொருவரின் வெற்றிக் கதை குத்திக்காட்டுவதுபோலத்தான் கேட்கும்.

மகனின் கதைக்குக் கிட்ட நிற்பவர் ஜொனத்தன் ட்ரூவான். 2013 டிராஃப்டில் மூன்றாவது. 2016 ஜனவரியில் டாம்பா பே லைட்னிங் அவரைத் தன் கீழணியான சிரக்கியூஸுக்கு அனுப்பியது. அவர் வேறு அணி கேட்டுக் காத்திருப்பதை ஏஜென்ட் பகிரங்கமாக்கினார். அந்த மாதம் 20ஆம் தேதி ட்ரூவான் மட்சுக்குப் போகவில்லை, சம்பளமில்லாமல் இடைநிறுத்தினார்கள். அவருக்கு அப்போது 20 வயது. அணிமாற்றக் காலக்கெடு முடிந்தது, யாரும் அவரை வாங்கவில்லை. மார்ச்சில் தானாகவே சிரக்கியூஸுக்குத் திரும்பினார். ஏப்ரலில் டாம்பா அணித்தலைவர் ஸ்டம்கோஸ் இரத்தக்கட்டியால் ஆடமுடியாமல் போக, மேலே கூப்பிட்டார்கள். பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் பிளேஓஃப்பில் 17 ஆட்டத்தில் 14 புள்ளி எடுத்தார். அடுத்த வருஷம் சொந்த மாகாணத்து அணியான மொன்றியலுக்கே மாற்றம் கிடைத்தது.

இதை ஏஜென்ட் சொன்னால் பிடிவாதம் வென்ற கதை, உங்கள் கணவர் சொன்னால் திரும்பிப் போனதால் வென்ற கதை. எனக்கு முக்கியமானது அதற்குப் பிறகு வருகிறது. 2021 இளவேனிலில் ட்ரூவான் அணியை விட்டு விடுப்பில் போனார். செப்டெம்பரில் திரும்பி வந்து, நெடுநாளாகப் பதற்றமும் நித்திரையின்மையும் இருந்ததாகத் தன் வாயாலேயே சொன்னார். 2016இல் நடந்ததுதான் காரணம் என்று நான் முடிச்சுப் போடமாட்டேன், அது எனக்கு உரிமையில்லாத வேலை. ஆனால் உங்கள் கடிதத்தில் நாலு மணிக்கு எரியும் லைட்டை வாசித்தபோது அவர்தான் ஞாபகம் வந்தார்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு: போ என்றும் சொல்லாதீர்கள், நில் என்றும் சொல்லாதீர்கள். அவருக்கு ஏற்கெனவே ஒரு கோச், ஒரு மனேஜர், ஒரு ஏஜென்ட், ஒரு அப்பா இருக்கிறார்கள். ஐந்தாவது ஆள் தேவையில்லை. நீங்கள் கேட்கவேண்டியது நித்திரையைப் பற்றி. நாலு கிழமை இப்படிப் போயிருந்தால் குடும்ப டொக்டரிடம் போகவேண்டும், இந்தக் கிழமையே. லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் சேர்ந்து 1996 முதல் ஒரு உதவித்திட்டம் நடத்துகின்றன, அதில் சொல்வது இரகசியமாக இருக்கும். தன் நிலையில் அதை எப்படிப் பெறலாம் என்று மகன் சங்கத்தைக் கேட்கட்டும். இருந்து என்ன பிரயோசனம் என்ற மாதிரி ஒரு சொல் வந்தால் காத்திருக்காதீர்கள். 988 என்ற எண்ணுக்குக் கனடாவில் எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

ஏஜென்ட் பொறுத்திரு என்பது அவருடைய தொழில், அதில் பிழையில்லை. ஆனால் ‘மார்ச் வரை யாரும் வாங்காவிட்டால் என்ன செய்வது?’ என்று மகன் அவரிடம் கேட்டாரா? ட்ரூவானுக்கு அதுதான் நடந்தது. நியூயோர்க் ரேஞ்சர்ஸின் கீழணியை விட்டுப் போன லியாஸ் ஆண்டர்சன் 2019 டிசம்பரில் இடைநிறுத்தப்பட்டு, சுவீடனுக்குப் போய் ஆடி, அடுத்த இலையுதிர் காலத்தில்தான் வேறு அணிக்குப் போனார். அந்த மாதங்களை எங்கே, எப்படிக் கழிப்பது என்பதற்கு ஒரு திட்டம் வேண்டும். பேஸ்மென்டில் கிடப்பது திட்டமில்லை.

இரண்டாவது கேள்வி. நீங்கள் இரவில் யோசிப்பது வீண் பிரமை இல்லை. 2019 நவம்பரில் அகிம் அலியு என்ற நைஜீரிய வேர்கொண்ட ஆட்டக்காரர், பத்து வருஷத்துக்கு முதல் ஏ.எச்.எல்.லில் தன் கோச் நிறத்தைச் சொல்லி ஏசியதையும், எதிர்த்ததற்காகத் தன்னை இன்னும் கீழே அனுப்பச் செய்ததையும் வெளியில் சொன்னார். அந்தச் சொற்களைப் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டு அந்தக் கோச், பில் பீற்றர்ஸ், அப்போது இருந்த கல்கரி அணியின் கோச் பதவியை விட்டார். இப்படியும் நடந்திருக்கிறது. உங்கள் மகனுக்கு நடந்ததா என்பது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ‘நிறத்தாலேதானே?’ என்று கேட்டால் பதிலை நீங்களே அவர் வாயில் வைத்துவிடுவீர்கள். ‘அங்கே ஆராவது உன்னோட தப்பாக் கதைச்சவையோ?’ என்று ஒருதரம் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். இல்லை என்றால் நம்புங்கள். ஓம் என்றால் அது வேறு வழக்கு, சங்கத்துக்கு உடனே தெரியவேண்டும்.

கோயிலுக்குப் போங்கள். “அவன் வீட்டிலை நிக்கிறான்” என்றால் போதும், அதற்கு மேல் யாருக்கும் கணக்குக் காட்டவேண்டியதில்லை. மாடிப்படியில் இருந்தவர்கள் எல்லாரும் உங்கள் மகனுக்காக வந்தவர்கள் இல்லை என்பது உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும்.

கடைசியாக உங்கள் கணவர். ‘என்ன கிடைச்சது’ என்ற கேள்வி அவரை எங்கே குத்தியிருக்கும் என்று எனக்கு விளங்குகிறது. அந்த ‘ஓம்’களில்தான் ஸ்டிக்குகள் வாங்கப்பட்டன. மகனுக்கும் அது தெரியும், தெரிந்தபடியால்தான் அந்தச் சொல் அவ்வளவு கூராக வந்தது. இரண்டு பேரையும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே இருத்திச் சமாதானம் பேச வைக்காதீர்கள். பதினொரு வருஷம் இவர்கள் கதைத்தது காருக்குள், இருட்டில், இரண்டு பேரும் றோட்டைப் பார்த்துக்கொண்டு. மகன் எப்படியும் முழித்துத்தான் இருக்கிறார். ஒரு நாள் விடிய ஐந்து மணிக்கு அப்பா கீழே போய் “வா, கோப்பி குடிச்சிட்டு வருவம்” என்று கூப்பிட்டுப் பார்க்கட்டும். ஹொக்கியைப் பற்றி மகன் தொடங்கினால் தொடங்கட்டும்.

அந்தப் பையை நீங்கள் திறக்காமல் விட்டது நல்லது. ஆனால் நாலு கிழமை ஈரக் கையுறை பைக்குள் கிடந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். காயப்போடட்டோ என்று அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.