கால்பந்து, கிரிக்கெட் இரண்டிலும் இங்கிலாந்துக்கு ஆடிய ஆல்ஃபிரட் லிட்டில்டன்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, இரண்டு ஆட்டத்திலும் இங்கிலாந்துக்கு முதலில் ஆடியவர் சி. பி. ஃபிரை தானே?

பதில்: இல்லை. ஃபிரை கால்பந்தில் இங்கிலாந்துக்கு ஆடியதே 1901-இல்தான். லிட்டில்டன் 1877 மார்ச் 3 அன்று ஸ்காட்லாந்துடன் கால்பந்து ஆடினார். 1880 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட் ஆடினார். இரண்டுமே லண்டன் ஓவல் மைதானத்தில் நடந்தவை.

கேள்வி: ஒரே மைதானத்திலா? அது எப்படிச் சாத்தியம்?

பதில்: கால்பந்து குளிர்காலத்து ஆட்டம், கிரிக்கெட் கோடைக்காலத்து ஆட்டம். தேதிகள் மோதவில்லை. ஓவல் சர்ரே கிரிக்கெட் கிளப்பின் மைதானம்; அந்தக் கிளப்பின் செயலாளராகவும் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராகவும் இருந்தவர் ஒருவரே, சார்லஸ் ஆல்காக். கால்பந்தில் சம்பளத்துக்கு ஆட 1885 வரை அனுமதியில்லை. படிப்பும் வசதியும் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டுக்கும் நேரம் கிடைத்தது. ஆலைத் தொழிலாளிக்கு அது எளிதல்ல. லிட்டில்டனின் திறமையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

கேள்வி: கால்பந்தில் எப்படி?

பதில்: 1-3 என்று தோல்வி, இங்கிலாந்தின் ஒரே கோல் அவருடையது. பந்தைக் காலோடு ஒட்டித் தனியே ஓட்டிப் போகும் ஈட்டன் பள்ளிப் பாணி அவருடையது. ஸ்காட்லாந்துக்காரர்களோ ஒருவருக்கொருவர் தட்டிக்கொடுத்து ஆடினார்கள். தனி ஓட்டத்தைச் சுற்றி வளைத்துவிடலாம். பந்து ஆள் மாறிக்கொண்டே இருந்தால் வளைக்க முடியாது.

கேள்வி: விக்கெட் கீப்பரான அவர் பந்து வீசி நான்கு விக்கெட் எடுத்தாராமே?

பதில்: ஆமாம், 1884 ஆகஸ்ட், ஓவல் டெஸ்ட். முதல் நாள் முடிவில் ஆஸ்திரேலியா 2 விக்கெட்டுக்கு 363. அதன் கேப்டன் மர்டாக் 211, டெஸ்ட் வரலாற்றின் முதல் இரட்டைச் சதம். இன்னிங்ஸை டிக்ளேர் செய்யும் (விக்கெட்டுகள் மீதமிருக்கும்போதே தாமாக முடித்துக்கொள்ளும்) விதி 1889-இல்தான் வந்தது; பத்து விக்கெட்டையும் எடுத்தே ஆக வேண்டும். இங்கிலாந்தின் 11 பேரும் பந்து வீசினார்கள். லிட்டில்டன் கையுறையைக் கழற்றிவிட்டு, கையைத் தோளுக்கு மேல் தூக்காமல் இடுப்புக்குக் கீழிருந்து மெதுவாக எறிந்தார். கீப்பராக நின்ற டபிள்யூ. ஜி. கிரேஸ், ஆஸ்திரேலியாவின் மிட்விண்டரை லிட்டில்டன் பந்தில் கேட்ச் பிடித்தார். வேகமே இல்லாத பந்தை அடிக்க மட்டையாளரே முழு வேகத்தையும் கொடுக்க வேண்டும். தவறு அங்கேதான் நேரும். ஆஸ்திரேலியா 551. ஆட்டம் டிரா.

கேள்வி: பிறகு என்ன செய்தார்?

பதில்: வழக்கறிஞர், எம்.பி., 1903 முதல் 1905 வரை குடியேற்ற நாடுகளின் அமைச்சர். 1913-இல் காலமானார்.

கேள்வி: அந்த 1884 டெஸ்டின் ஸ்கோர்கார்டில் அவருக்கு 12 ஓவர், 19 ரன், 4 விக்கெட் என்றிருக்கிறது. 72 பந்துதானே?

பதில்: 48 பந்து. இங்கிலாந்தில் அப்போது ஓவருக்கு 4 பந்து. 1889-இல் 5, 1900-இல் 6. பழைய ஸ்கோர்கார்டுகளைப் படிக்கும்போது ஆண்டைப் பார்த்துவிட்டுப் பெருக்குங்கள். நான்கு டெஸ்டில் அவர் எடுத்த மொத்த விக்கெட்டும் இந்த நான்குதான், விக்கெட்டுக்குச் சராசரி 4.75 ரன்.