எண்கோண வீடு: லாங்வுட் பற்றிய கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் நாட்செஸ் என்ற ஊரில் லாங்வுட் என்றொரு எண்கோண மாளிகை நிற்கிறது. பாதியில் நின்றுபோன வீடு. அதைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வீட்டுக்கு எதற்கு எட்டுப் பக்கம்? வெறும் அழகுக்கா?

அழகு அப்புறம். முதலில் கணக்கு. 128 அடி நீளத்துக்குச் சுவர் எழுப்பச் செங்கல் இருக்கிறது என்று வையுங்கள். சதுரமாகக் கட்டினால் பக்கத்துக்கு 32 அடி, உள்ளே 1,024 சதுர அடி. அதே சுவரை 16 அடி வீதம் எட்டாக மடக்கினால் சுமார் 1,236 சதுர அடி கிடைக்கும். சுவர் நீளம் கூடவில்லை, இடம் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. ஆர்சன் ஃபௌலர் என்பவர் 1848இல் புத்தகம் போட்டு இதைப் பரப்பினார். அவர் கட்டடக் கலைஞர் அல்ல, மண்டையின் மேடுபள்ளம் பார்த்துக் குணம் சொல்பவர். ஆனால் கணக்கு சரிதான்.

கேள்வி: கோணல் மூலையில் கட்டிலும் பீரோவும் எப்படிப் போடுவது?

சிரமம்தான். வெளிச்சுவர் மூலை ஒவ்வொன்றும் 135 பாகை. கொத்தனாரின் மூலைமட்டம் அங்கே உதவாது. உள்ளே சதுர அறைகளாகப் பிரித்தால் நடுநடுவே முக்கோணத் துண்டுகள் மிஞ்சும். அவற்றை அலமாரியாகவோ சாமான் அறையாகவோ மாற்றிக்கொள்வார்கள். ஃபௌலர் கணக்கில் கிடைத்த லாபத்தில் கொஞ்சம் இப்படிக் கரைந்துவிடும் என்பது என் எண்ணம்.

கேள்வி: சுற்றிலும் அறைகள் என்றால் நடுவீடு இருட்டாக இருக்காதா?

லாங்வுட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயத்தையே கேட்டுவிட்டீர்கள். அதை வரைந்தவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த சாமுவேல் ஸ்லோன். நடுவில் கூடத்தை வைத்து, அதை மாடி மாடியாக உச்சிவரை திறந்தே விட்டார். உச்சியில் வெங்காய வடிவக் குவிமாடம், அதன் கீழே சுற்றிலும் ஜன்னல்கள். அங்கே விழும் வெயிலைக் கண்ணாடிகளில் பட்டுத் தெறிக்கவைத்துக் கீழ்த்தளம்வரை இறக்குவது திட்டம். சூடான காற்றும் அந்த வழியாகவே மேலேறி வெளியே போகும். மிசிசிப்பி வெயிலுக்கு அது பெரிய உதவி.

கேள்வி: ஏன் பாதியில் நின்றது?

பருத்தித் தோட்ட முதலாளி ஹாலர் நட் 1860இல் வேலையைத் தொடங்கினார். 1861இல் வடக்கு மாநிலங்களுக்கும் மிசிசிப்பி போன்ற தெற்கு மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் வந்தது. வடக்கிலிருந்து வந்திருந்த தச்சர்களும் கொத்தனார்களும் கருவிகளைப் போட்டுவிட்டு ஊர் திரும்பிவிட்டார்கள். திட்டமிட்ட 32 அறைகளில் கீழ்த்தளத்தின் 9 மட்டுமே முடிந்தன. 1864இல் நட் இறந்துபோனார். மனைவி ஜூலியா பிள்ளைகளோடு அந்தக் கீழ்த்தளத்திலேயே வாழ்ந்தார். தலைக்கு மேலே அத்தனை மாடியும் காலி. 1897இல் சாகும்வரை அவருக்கு அதுதான் வீடு.

கேள்வி: உண்மையில் கட்டியது யார்?

ஸ்லோன் பெயரும் நட் பெயரும் எல்லோருக்கும் தெரியும். வடக்கத்தி ஆட்கள் போனபின் அந்த 9 அறைகளை முடித்துக் கொடுத்தது நட்டிடம் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள். அவரது செல்வமும் அவர்கள் உழைப்பில் விளைந்ததே. இந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது இதை முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: வாஷிங்டனில் உள்ள ‘ஆக்டகன் ஹவுஸ்’ இதே வகையா?

இல்லை. பெயர்தான் எண்கோணம், அதற்கு எட்டுப் பக்கம் கிடையாது. அது ஃபௌலருக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முந்தியது.

கேள்வி: இப்போதாவது மீதியைக் கட்டி முடிக்கலாமே?

வேண்டாம் என்பதே என் கருத்து. மேல்மாடிக்கு ஏறினால் பூச்சு இல்லாத செங்கல் சுவர் அப்படியே தெரியும். எந்தச் சுவர் எந்த உத்தரத்தைத் தாங்குகிறது, நடுக்கூடத்தின் எட்டு முகமும் மேலே எப்படிப் போய்ச் சேருகின்றன என்று கையால் தொட்டே படிக்கலாம். அன்று விட்டுப்போன கருவிகளும் பெட்டிகளும்கூட அங்கேயே கிடக்கின்றன. பூச்சு பூசினால் இத்தனையும் மறைந்துவிடும்.