லேபிள் தொடங்க வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. கோவையில் சாஃப்ட்வேர் வேலை. ராத்திரியில் வீட்டில் உட்கார்ந்து டப்ஸ்டெப் இசை செய்கிறேன். மூன்று வருடத்தில் நாற்பது டிராக் சேர்ந்துவிட்டது. இசையை வெளியிடும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு, அதாவது லேபிள்களுக்கு, அனுப்பிப் பார்த்தேன், ஒரு பதிலும் இல்லை. வேலையை விட்டுவிட்டு, சேமிப்பில் இருக்கும் நாலு லட்சத்தைப் போட்டு நானே ஒரு லேபிள் தொடங்கலாம் என்று இருக்கிறேன். இதைக் கேட்டதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. நான் செய்வது தப்பா?
- பெயர் வேண்டாம், கோவை.

பதில்: தப்பில்லை, தம்பி. வேலை பார்த்துக்கொண்டே நாற்பது டிராக்கை முடித்திருக்கிறீர்கள். பாதியில் நிற்கும் டிராக்குகள் எல்லோரிடமும் இருக்கும். முடித்தவை சிலரிடம்தான் இருக்கும். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்று என்னை உறுத்துகிறது. அந்த லேபிளில் உங்களைத் தவிர வேறு யாருடைய இசை வரும் என்று நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

லேபிள் நடத்தும் கோட்நைன் என்ற டப்ஸ்டெப் இசைக்காரரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டப்ஸ்டெப் என்பது 2000-களின் தொடக்கத்தில் தெற்கு லண்டனில், குறிப்பாகக் குரோய்டன் பக்கத்தில், வளர்ந்த இசை. வேகம் நிமிடத்துக்கு 140 தாள அடி. ஆனால் டிரம் பாதி வேகத்தில் விழுவதால் நிதானமாக நடப்பதுபோல் இருக்கும். அடியில் ஓடும் பேஸை, அதாவது கனத்த தாழ்ந்த ஒலியை, நெஞ்சில் உணரலாம். கோட்நைன் என்ற பெயரில் இதைச் செய்தவர் ஸ்டீவ் குட்மன். கிளாஸ்கோவில் பிறந்தவர், வார்விக் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்.

அவருடைய லேபிளின் பெயர் ஹைப்பர்டப். 2000-ல் தொடங்கியபோது அது லேபிளே அல்ல, இணைய இதழ். மற்றவர்களின் இசையைக் கேட்டு, அதைப் பற்றி எழுதும் இடம். முதல் ரெக்கார்டு வந்தது 2004-ல்தான். அதுவும் அவர் தனியாகச் செய்தது இல்லை. பின்னாளில் ஸ்பேஸ்ஏப் என்று அறியப்பட்ட நண்பரின் குரல் அதில் இருந்தது.

அந்த இதழைப் படித்துவந்த ஓர் இளைஞர் தன் இசையைக் குட்மனுக்கு அனுப்பினார். பரியல் என்ற பெயர், முகம் காட்ட விரும்பாத ஆள், சவுண்ட் ஃபோர்ஜ் என்ற சாதாரண ஒலி எடிட்டரில் வேலை செய்பவர். குட்மன் உட்கார்ந்து கேட்டார். 2006-ல் ஹைப்பர்டப்பின் முதல் ஆல்பமாக வந்தது பரியலுடையது. குட்மனும் ஸ்பேஸ்ஏப்பும் செய்த ஆல்பம் அதே வருடம், அதற்கு அடுத்ததாக வந்தது. 2007-ல் வந்த பரியலின் இரண்டாவது ஆல்பம் மறுவருடம் பிரிட்டனின் மெர்குரி இசைப் பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. லேபிள் நடத்துவது என்றால் இதுதான், தம்பி. தபாலில் வந்த ஒரு புது ஆளின் இசையைப் பொறுமையாகக் கேட்டு, அதைத் தன் ஆல்பத்துக்கும் முன்னால் வைப்பது. இதைச் செய்ய ஆசை இருக்கிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். இல்லையென்றாலும் குற்றமில்லை, உங்கள் டிராக்குகளை வெளியிட, இசைக்காரர்கள் தாங்களே விற்கும் இணையதளமான பேண்ட்கேம்பில் ஒரு பக்கம் போதும். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும், பணம் கைமாறும் கட்டணமும் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று: அந்த வருடங்களில் குட்மன் ஈஸ்ட் லண்டன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டும் இருந்தார். தனக்கு மாதச் சம்பளம் தரும் கட்டாயம் லேபிளுக்கு இல்லாததால்தான் யாரென்றே தெரியாத ஒருவரை நம்பி அவரால் இறங்க முடிந்தது என்று நான் நினைக்கிறேன். உங்கள் வேலையும் அப்படி ஒரு காவல்தான். விடாதீர்கள்.

ஆசை இருக்கிறது என்றால், இந்த வருடமே தொடங்குங்கள், சின்னதாக. உங்களைப் போல ராத்திரியில் உட்கார்ந்து இசை செய்யும் நாலைந்து பேரைத் தேடிப் பிடியுங்கள். உங்கள் நாற்பதிலிருந்து இரண்டு டிராக், அவர்களுடையது ஆளுக்கு ஒன்று. மாஸ்டர், அதாவது முடித்த மூல ஒலிப்பதிவு, யாருக்குச் சொந்தம், செலவு போக வருவதை எப்படிப் பிரிப்பது என்பதை ஒரே பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்களாக இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். இசைக்காரர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராவதையும் தள்ளிப்போடாதீர்கள். வினைல் இசைத்தட்டு அச்சிடும் பக்கம் இப்போது போகவே வேண்டாம், நாலு லட்சம் கரைவது தெரியாது. லேபிளின் பெயரில் ‘டப்ஸ்டெப்’ என்று வைக்காதீர்கள். 2013-ல் ஹைப்பர்டப் ஃபுட்வொர்க் என்ற வேறு வகை நடன இசையைச் செய்த சிகாகோக்காரர் டிஜே ரஷாத்தின் ஆல்பத்தைக் கொண்டுவந்தது. உங்கள் காதும் ஒருநாள் வேறு பக்கம் திரும்பலாம்.

வெளியிடும் முன் டிராக்குகளைப் பெரிய ஸ்பீக்கரில் கேட்டீர்களா? லண்டன்காரர்கள் புது டிராக்கை டப்பிளேட் என்ற ஒற்றைப் பிரதி இசைத்தட்டாக வெட்டி, கிளப்பில் போட்டுப் பார்த்த பிறகுதான் வெளியிடுவதைப் பற்றி யோசித்தார்கள். ஹெட்போனில் நன்றாக இருந்த பேஸ் அங்கே குழம்பிப்போவது உண்டு. உங்கள் ஊரில் திருவிழாவுக்குச் சவுண்ட் சர்வீஸ் போடுபவர் யாரையாவது பாருங்கள். செட் கட்டி டெஸ்ட் செய்யும் நேரத்தில் பத்து நிமிடம் கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள்.

போகும்போது அம்மாவையும் கூட்டிப்போங்கள். மூன்று வருடமாக மூடிய கதவுக்கு வெளியே நின்றவர் அவர். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று யாரும் இதுவரை அவருக்குக் காட்டியதில்லை. வேலையை விடவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுங்கள், அப்புறம் பாட்டைப் போடுங்கள்.