வலிக்காத கட்டியைத் தள்ளிப்போடாதீர்கள்: மார்பகப் பரிசோதனை, வாசகியர் கேள்வி-பதில்

இடது மார்பில் சுண்டைக்காய் அளவில் கட்டி. வலியே இல்லை. காப்பிப் பழம் பறித்து முடித்ததும் காட்டலாமா? (ஏற்காடு)

பறிப்பு மாதக்கணக்கில் ஓடும். அவ்வளவு நாள் தள்ளக் கூடாது. மார்பகப் புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது, பலரும் ஏமாறுவது இதில்தான். பயப்படவும் வேண்டாம்: பெரும்பாலான கட்டிகள் புற்றல்ல. இளம்பெண்களுக்கு வருவது அநேகமாகக் கையில் நழுவும் நார்க்கட்டி. ஆனால் நழுவுகிறதே என்று வீட்டிலேயே தீர்ப்பெழுதாதீர்கள். இந்த வாரமே ஏற்காடு அரசு மருத்துவமனையில் காட்டி, ஸ்கேனுக்கும் தேவைப்பட்டால் ஊசிச் சோதனைக்கும் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு எழுதி வாங்குங்கள். ஊசி குத்தினால் புற்று பரவும் என்பது வெறும் பேச்சு.

தடவிப் பார்த்தால் எல்லாமே கட்டியாகத் தெரிகிறது. எப்படிப் பார்ப்பது? (அம்மாப்பேட்டை)

கிள்ளிப் பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. இரு விரலால் பிடித்தால் சாதாரணப் பால்சுரப்பிகூடக் கட்டியாகத்தான் அகப்படும். நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால் அழுத்த வேண்டும், நுனியால் அல்ல.

ரத்தப்போக்கு நின்று மூன்று நான்கு நாளில் பாருங்கள். விலக்குக்கு முன் மார்பு கனத்து முடிச்சு முடிச்சாக இருக்கும். விலக்கு அடியோடு நின்றவர்கள் மாதம் ஒரு தேதி வைத்துக்கொள்ளலாம்.

முதலில் கண்ணாடி முன்: கைகளைத் தொங்கவிட்டு, தூக்கி, இடுப்பில் ஊன்றி. தோலில் குழி, ஆரஞ்சுத் தோல் மாதிரிப் புள்ளிகள், புதிதாக உள்ளே இழுத்த காம்பு, ஆறாத புண், தானாகக் கசியும் ரத்தம் இருந்தால் உடனே காட்டுங்கள்.

பிறகு மல்லாந்து படுத்து, வலது தோளுக்கடியில் தலையணை, வலது கை தலைக்கடியில். இடது கையால் வலது மார்பு. அக்குளிலிருந்து நெஞ்செலும்பு வரை, மேலும் கீழுமாகக் கோடு போடுவதுபோல. காறையெலும்பில் தொடங்கி மார்பின் கீழ்மடிப்பைத் தாண்ட வேண்டும். ஒவ்வோரிடத்திலும் காசளவு வட்டமாக மூன்று அழுத்தம்: மெல்ல, நடுத்தரம், விலா தட்டும்வரை. அடுத்த பக்கத்துக்குக் கை மாற்றுங்கள். பலரும் விட்டுவிடுவது அக்குளை ஒட்டிய மேல்வெளிப் பகுதி. புற்று அதிகம் வருவதும் அங்கேதான்.

ஜாக்கெட்டுக்குள் பர்ஸ் வைத்தால் வருமா? அடிபட்டால்?

இரண்டாலும் வராது. அடிபட்ட இடத்தில் கொழுப்பு இறுகிக் கட்டியாவதுண்டு. அதையும் காட்டித்தான் உறுதிசெய்ய வேண்டும்.

மூன்று பிள்ளைக்குப் பால் கொடுத்தேன், குடும்பத்திலும் யாருக்குமில்லை. எனக்கெதற்கு? (ஓமலூர்)

தாய்ப்பால் ஆபத்தைக் குறைக்கும், நீக்காது. மார்பகப் புற்று வந்த நூறு பேரில் பரம்பரையாக வருவது 5 முதல் 10 பேருக்குத்தான். மற்றவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போன்றவர்கள். பால் கொடுக்கும் பெண்ணுக்கும் ஒரு சொல்: பால்கட்டு என்று நினைத்தது இரண்டு வாரத்தில் கரையாவிட்டால் ஸ்கேன் எடுங்கள்.

மாதாமாதம் நானே பார்த்தால் போதாதா?

போதாது. ஷாங்காயில் 2.6 லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்வில் (2002) சுயபரிசோதனைப் பயிற்சி மட்டும் இறப்பைக் குறைக்கவில்லை. தேவையற்ற பயாப்ஸிகள் (சதை எடுத்துப் பார்க்கும் சோதனைகள்)தான் கூடின. மும்பையில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கொருமுறை கையால் பரிசோதித்ததில், 50 வயதைத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்று இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது (2021). உங்கள் விரல், உங்கள் மார்பில் எது வழக்கம் என்று அறிய; மற்றதற்கு, 30 வயதானதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஆண் டாக்டர் என்றால் பெண் செவிலியர் உடனிருக்க வேண்டும் என்று தயங்காமல் சொல்லலாம்.